விதை ஏன் முளைக்கவில்லை? வீட்டில் நாற்று விடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஆனி பிறந்ததும் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது மாடித்தோட்டத்துக்கும் சேர்த்துச் சொன்னதுதான். ஆடியில் நடுவதற்கு நாற்று கையில் இருக்க வேண்டுமென்றால் ஆனியிலேயே விதை போட்டாக வேண்டும். திருச்சியில் எங்கள் மொட்டை மாடியில் 12 ஆண்டுகளாகக் காய்கறி வளர்க்கிறேன். உறவினர்களும் தெருக்காரர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பாதிக்கு மேல் ஒரே கேள்வியின் பல வடிவங்கள்: "விதை போட்டேன், வரவே இல்லை."

எல்லாக் காய்களுக்கும் நாற்று விட வேண்டுமா?

வேண்டாம். தக்காளி, கத்தரி, மிளகாய், குடைமிளகாய், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் ஆகியவற்றுக்கு நாற்று விட்டுத்தான் நட வேண்டும். வெண்டை, கொத்தவரை, அவரை, முள்ளங்கி, பீட்ரூட், கீரை வகைகளை நேரே தொட்டியில் விதைத்துவிடலாம். கேரட்டையும் முள்ளங்கியையும் தட்டில் முளைக்க வைத்துப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுபடும், கிழங்கு இரண்டு மூன்றாகப் பிளந்து கோணிக்கொள்ளும்.

பாகல், புடலை, பீர்க்கு, சுரை இந்த இரண்டு வகைக்கும் நடுவில். அவற்றின் வேர் தொந்தரவு தாங்காது. ஆனால் நேரே ஊன்றினால் எலியும் அணிலும் விடாது. ஆளுக்கொரு காகித டீ கப், அடியில் ஓட்டை, கப்புக்கு ஒரு விதை. முதலில் வரும் வித்திலைகளுக்குப் பிறகு இரண்டு உண்மை இலை வந்ததும் கப்பைக் கிழித்துவிட்டு மண்ணோடு அப்படியே இறக்கிவிடுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு வீட்டுக்குள் ஏன் விதை போட வேண்டும்? குளிர் நாட்டுக்காரர்கள் செய்வதல்லவா அது?

அவர்கள் பனிக்குப் பயந்து உள்ளே போடுகிறார்கள். நாம் வெயிலுக்கும் எறும்புக்கும் திடீர் மழைக்கும் பயந்து உள்ளே போடுகிறோம். சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தளத்தில் கால் வைக்க முடியாது. அந்தத் தளத்தின் மேல் ஒரு கறுப்புக் குழித்தட்டை, அதாவது சிறுசிறு குழிகள் உள்ள நாற்றுத்தட்டை வைத்தால் உள்ளே இருக்கும் இரண்டு விரல் கலவை மதியத்துக்குள் கொதித்துக் காய்ந்துவிடும். தக்காளி விதைக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் போதும். 35 டிகிரியைத் தாண்டினால் முளைப்பு வேகமாகக் குறையும். வீட்டுக்குள் என்றால் படுக்கையறை என்று பொருளில்லை. வராந்தா, மாடிப்படியின் அடி, சமையலறை ஜன்னல் ஓரம் எல்லாமே போதும்.

வீட்டுக்குள் விதை முளைக்க வைப்பது நமக்குப் புதிதும் இல்லை. மதுரை, ராமநாதபுரம் பக்கத்து ஊர்களில் மாரியம்மனுக்கு முளைப்பாரி போடுகிறார்களே, அது முழுக்க முழுக்க உள்ளே நடப்பதுதான். வெளிச்சம் புகாத அறையில், எருவும் மண்ணும் நிரப்பிய சட்டியில், ஊற வைத்த தானியங்களைத் தூவி, நீர் தெளித்து வளர்க்கிறார்கள். விதைப்புக்கு முன்னால் ஊர் விதையின் முளைப்புத்திறனை ஊரே சேர்ந்து பார்க்கும் ஏற்பாடாகவும் அதைச் சொல்வார்கள். எனக்கு அந்த விளக்கம் மிகவும் பிடிக்கும்.

விதை போட்டு ஆறு நாள் ஆகிறது. இன்னும் ஒன்றும் தெரியவில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?

என்ன விதை என்று முதலில் சொல்லுங்கள். முட்டைக்கோஸ், முள்ளங்கி, தண்டுக்கீரை என்றால் மூன்று நான்கு நாளில் தலை தெரிய வேண்டும். ஆறு நாள் தாமதம்தான். தக்காளி 5 முதல் 8 நாள், வெண்டை 4 முதல் 7, கத்தரி 7 முதல் 10. மிளகாய்க்குக் குறைந்தது 8 நாள், பல நேரம் இரண்டு வாரம், மார்கழிக் குளிரில் மூன்று வாரம்கூட ஆகும். கேரட்டும் கொத்தமல்லியும் 8 முதல் 14 நாள் வரை காக்க வைக்கும். பாகலும் அப்படியே.

விதை போட்ட தேதியை ஐஸ் குச்சியில் எழுதிச் செருகி வையுங்கள். பத்து நாள் ஆனதாகத் தோன்றும், கணக்குப் பார்த்தால் ஆறு நாள்தான் ஆகியிருக்கும்.

பாக்கெட்டில் 20 விதை இருந்தன. 13தான் முளைத்தன. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. இந்தியாவில் சான்று பெற்ற விதைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச முளைப்புத்திறன் தக்காளிக்கும் கத்தரிக்கும் 70 சதவீதம், வெண்டைக்கு 65, மிளகாய்க்கும் பாகல், சுரை, பீர்க்கு போன்ற கொடிகளுக்கும் 60. ஆக, 20 மிளகாய் விதையில் 12 வந்தாலே அது தேறிய விதை. நூற்றுக்கு நூறு எந்தக் காய்க்கும் யாரும் உறுதி தருவதில்லை. 20 விதையில் நான்கைந்துதான் வந்தது என்றால் அப்போது சந்தேகப்படலாம்.

வாங்கும்போதே பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். முளைப்புத்திறன் எவ்வளவு, சோதனை செய்த தேதி என்ன, எதுவரை செல்லும் என்று அச்சிட்டிருக்க வேண்டும். சோதித்த நாளிலிருந்து 9 மாதம் வரைதான் அந்தச் சான்று செல்லும். தேதியே இல்லாத, வெயில் படும் கடை வாசலில் தொங்கும் பாக்கெட்டை நான் வாங்குவதில்லை. விலை குறைவாக இருந்தாலும் சரி.

ஒன்றுமே முளைக்கவில்லை. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கிளறிப் பாருங்கள். இதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறேன், ஆனால் பத்தில் ஒன்பது பேர் செய்வதில்லை. தட்டை அப்படியே குப்பையில் கவிழ்த்துவிட்டுப் புது பாக்கெட் வாங்கி, அதே தவற்றை மறுபடி செய்கிறார்கள். நாள் கணக்கு முடிந்த பிறகு ஒரு பல்குச்சியால் நான்கைந்து குழிகளை மெதுவாகக் கிளறி, விதையை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். என்ன நடந்தது என்று விதையே காட்டும்.

போட்டபோது இருந்த மாதிரியே கெட்டியாக, உப்பாமல் இருந்தால் தண்ணீர் உள்ளே போகவில்லை. மேற்பரப்பு நனைந்து அடியில் காய்ந்த கலவையாக இருந்திருக்கலாம், அல்லது பாகல், புடலை போலத் தோல் தடித்த விதையாக இருக்கலாம். அந்த விதை இன்னும் சாகவில்லை. கழுவி ஊற வைத்து மறுபடி போடலாம்.

உப்பியிருக்கிறது, ஆனால் முளைவேர் இல்லை, விரலால் அழுத்தினால் கூழாகப் பிதுங்குகிறது என்றால் அழுகிவிட்டது. இதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, விதை ஏற்கெனவே செத்த பழைய விதை. இல்லையென்றால் நல்ல விதையை நாம் தண்ணீரில் மூழ்கடித்திருக்கிறோம். எது என்று தெரிய அதே பாக்கெட்டில் மீதமுள்ள விதையை ஈரத்துணியில் வைத்துச் சோதிக்க வேண்டும். துணியில் முளைத்தால் தவறு தட்டில்தான்.

முளைவேர் கொஞ்சம் வெளியே வந்து பழுப்பாகிச் சுருங்கியிருந்தால், நடுவில் ஒரு நாள் காயவிட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் வலிக்கும் இழப்பு இதுதான், ஏனென்றால் அந்த விதை பிழைக்க எல்லாம் செய்திருந்தது. வேர் வெளியே வரும்வரை விதை கொஞ்சம் காய்ந்தாலும் தாங்கிக்கொள்ளும். வேர் எட்டிப் பார்த்த பிறகு ஒரு மதியக் காய்ச்சல் போதும், மீளாது. மக்காத எருவும் உப்புத் தண்ணீரும் இதே மாதிரி நுனியைக் கருக வைக்கும்.

வெள்ளைத் தண்டு உள்ளேயே சுருண்டு கிடந்தால் ஆழம் அதிகம், அல்லது மேல் மண் ஓடு கட்டிவிட்டது. விதையையே காணவில்லை என்றால் எறும்பு.

ஒரு நாளைக்கு எத்தனை முறை தண்ணீர் விட வேண்டும்?

கடிகாரம் பார்த்துத் தண்ணீர் விட முடியாது. பாசிப்பயறு முளைகட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க ஊற வைப்போம், காலையில் நீரை வடித்துவிட்டு ஈரத்துணியில் கட்டி வைப்போம். யாரும் மூன்று நாள் தண்ணீரிலேயே போட்டு வைப்பதில்லை. வைத்தால் புளித்து நாறிப்போகும் என்று நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயறுக்குச் செய்வதைக் கத்தரி விதைக்குச் செய்ய மறந்துவிடுகிறோம். முளைக்கும் விதை மூச்சு விடுகிறது. மண்ணில் காற்று இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் அது மூச்சுத் திணறிச் சாகும்.

என் அளவுகோல் இதுதான். கலவையைக் கையில் அள்ளிப் பிடி பிடியுங்கள். பிடித்த வடிவம் உடையாமல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஒரு சொட்டுக்கு மேல் நீர் வரக்கூடாது. தண்ணீர் ஒழுகினால் அதிகம். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் குறைவு. இந்தப் பதத்தில் தட்டை நிரப்பி, விதை போட்டு, மேலே நனைத்த சாக்கோ பிளாஸ்டிக் தாளோ மூடிவிட்டால் முளைக்கும்வரை மறுபடி தண்ணீர் விடும் தேவையே வராது. நாற்றுப் பண்ணைகளில் விதை போட்ட குழித்தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் தாளால் போர்த்தி, நிழலில் வைத்துவிடுகிறார்கள். முதல் முளை தெரிந்ததும் அடுக்கைப் பிரித்துப் பரப்புகிறார்கள். வீட்டில் ஒரு தட்டு வைத்திருக்கும் நாமும் அதையே செய்யலாம். தினமும் காலையும் மாலையும் மூடியைத் தூக்கிப் பார்ப்பது மட்டும் உங்கள் வேலை.

பிறகு தண்ணீர் தேவைப்படும்போது குவளையால் ஊற்ற வேண்டாம். சிறு விதை ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். கைத்தெளிப்பான் போதும், அல்லது தட்டை ஒரு தாம்பாளத் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டு எடுத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. அது ஒரு காரணமாக இருக்குமா?

நிச்சயமாக இருக்கலாம், பெரும்பாலானோர் இதை யோசிப்பதே இல்லை. வளர்ந்த செடி தாங்கும் உப்பை முளைக்கும் விதை தாங்காது. மண்ணில் உப்பு கூடக்கூட விதைக்குள் தண்ணீர் புகுவது கடினமாகிறது. உங்கள் தொட்டி விளிம்பிலும் குழாயடியிலும் வெள்ளைப் படலம் படிகிறதா? அப்படியானால் நாற்றுக்கு மட்டுமாவது வேறு தண்ணீர் தேடுங்கள்.

குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு விடுகிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் இயந்திரம் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. பாத்திரம் கழுவுங்கள், வாசல் தெளியுங்கள், நாற்றுத்தட்டுக்கு வேண்டாம். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு அநேகமாகக் கிடையாது. ஒரு குழித்தட்டுக்கு வேண்டிய அளவு அதிலேயே கிடைத்துவிடும்.

எந்தக் கலவை நல்லது? தோட்டத்து மண் மட்டும் போதாதா?

வெறும் மண் குழித்தட்டில் இறுகிப்போகும். நான் தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு கலக்கிறேன். நார்த்தூள் கட்டியை வாங்கி ஊற வைத்தால் முதல் தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் வடியும். அதை வடித்துவிட்டு இரண்டு மூன்று முறை அலச வேண்டும். அந்தச் சாயத்திலும் உப்பிலும்தான் பல தட்டுகள் பாழாகின்றன.

கயிறு ஆலையிலிருந்து நேரே வரும் பச்சை நார்த்தூளை அப்படியே பயன்படுத்தாதீர்கள். அதில் கரிமமும் தழைச்சத்தும் 112க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் போட்டு மக்க வைத்தால் 24க்கு 1 வரை இறங்கும். மக்காத தூளில் நாற்று முளைத்தாலும் வெளிறிப்போய் வளராமல் நிற்கும்.

எவ்வளவு ஆழம்?

விதையின் தடிமனைப் போல இரண்டு மடங்கு, மிஞ்சினால் மூன்று மடங்கு. தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு அரை சென்டிமீட்டர். கீரை விதையை மணலோடு கலந்து தூவி உள்ளங்கையால் அழுத்திவிட்டால் போதும், மூடவே வேண்டாம்.

மிளகாய் மட்டும் எனக்கு வருவதே இல்லை. கைராசி இல்லை என்கிறார்கள்.

இந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். தோட்டம் தொடங்கிய முதல் வருடம் சித்திரையில் நாற்பது மிளகாய் விதை போட்டேன். ஒன்றுகூட வரவில்லை. உறவில் மூத்த ஒரு அத்தை தட்டைப் பார்த்துவிட்டு, "கைராசி இல்லாதவங்க விதையைத் தொடக்கூடாதும்மா" என்றார். இரண்டு மாதம் நான் எந்த விதையையும் தொடவில்லை. பிறகு ஆடியில் அதே பாக்கெட்டில் மீதமிருந்த பத்து விதையை ஈரத்துணியில் வைத்துப் பார்த்தேன். பதினோராம் நாள் ஏழு முளைத்தன. அதே கைதான், அதே விதைதான். சித்திரையில் மாடித் தளத்தில் வைத்து, காய்கிறதே என்று பயந்து நாளுக்கு நான்கு முறை ஊற்றி, வேக வைத்தும் மூழ்கடித்தும் இருக்கிறேன். இதை ஒருவரிடம் சொன்னால் சரி செய்துகொள்ளலாம். கைராசி என்று சொல்லிவிட்டால் அவர் தோட்டத்தையே விட்டுவிடுவார்.

மிளகாய் இயல்பிலேயே மெதுவாக முளைப்பது. 25 முதல் 30 டிகிரி வெப்பம் இரவிலும் கிடைத்தால் சீக்கிரம் வரும். குளிர் மாதங்களில் தட்டை இரவில் குளிர்சாதனப் பெட்டியின் தலைமேலோ இன்வெர்ட்டர் பக்கத்திலோ வையுங்கள், அங்கே எப்போதும் இளஞ்சூடு இருக்கும். முதலில் ஈரத்துணியில் முளைகட்டி, வேர் கால் அங்குலம் வருவதற்குள் எடுத்துக் குழியில் வைப்பது எனக்குப் பிடித்த வழி. எது உயிருள்ள விதை என்று தெரிந்தே வைக்கிறோம், குழி வீணாவதில்லை.

பழைய விதை இருக்கிறது. போடலாமா?

போடுவதற்கு முன் பத்து விதையைச் சோதியுங்கள். பழைய வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, விதைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, சுருட்டி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். தினம் ஒருமுறை திறந்து காற்றுக் காட்டுங்கள். பத்தில் ஏழு வந்தால் தாராளமாகப் போடலாம். நான்கைந்து வந்தால் குழிக்கு இரண்டு விதை. ஒன்றிரண்டுதான் என்றால் புது விதை வாங்கிவிடுங்கள். ஆனால் கைமாறி வந்த நாட்டு ரகமாக இருந்தால் அந்த ஒன்றிரண்டையும் விடாதீர்கள். வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரி, ராமநாதபுரம் முண்டு மிளகாய் இரண்டும் 2023இல் புவிசார் குறியீடு பெற்றவை. அப்படிப்பட்ட ரகங்களில் ஒரு செடி தப்பினால் போதும், அடுத்த வருடத்துக்குக் கைநிறைய விதை.

எல்லா விதைக்கும் ஆயுள் ஒன்றல்ல. வெங்காய விதை ஒரு வருடத்திலேயே தளர்ந்துவிடும். மிளகாயும் வெண்டையும் இரண்டு வருடம். தக்காளி, கத்தரி, பூசணி நன்றாக வைத்தால் நான்கு வருடம்கூடத் தாங்கும். நன்றாக வைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதை அறிவியலாளர் ஒரு கணக்குச் சொன்னார்: விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும், வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிப்பாகும். நம் பாட்டிமார்கள் கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டியதும், சுரை, பூசணி விதைகளைச் சாணத்தில் பதித்து வறட்டியாகச் சுவரில் தட்டிக் காய வைத்ததும் ஈரத்தையும் வண்டையும் விதையிடம் அண்டவிடாமல் வைக்கத்தான்.

இன்றைக்கு நம்மால் முடிந்தது ஒரு கண்ணாடிப் புட்டி. அடியில் வறுத்து ஆற வைத்த அரிசி ஒரு கைப்பிடியைத் துணியில் முடிந்து போட்டு, மேலே விதை உறைகளை வைத்து, இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். எடுக்கும்போது உடனே திறக்கக் கூடாது. புட்டி அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு மணி நேரம் பொறுங்கள். இல்லையென்றால் குளிர்ந்த விதையின் மேல் வெளிக்காற்றின் ஈரம் வியர்த்துப் படிந்துவிடும்.

பாகல், புடலை விதைகள் ஏன் இவ்வளவு அடம் பிடிக்கின்றன?

தோல் தடிப்பம். இரவு முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்து, மறுநாள் ஈரத்துணியில் கட்டி, ஒரு டப்பாவில் வைத்து மூடிவிடுங்கள். பாகலுக்கு நகவெட்டியால் கூர்நுனியின் ஓரத்தை மட்டும் மெல்லக் கிள்ளிவிட்டால் இன்னும் சீக்கிரம் வரும். உள்ளே பருப்பு நசுங்கக் கூடாது, அதில் கவனம் வேண்டும். ஊற வைப்பது ஒரு இரவுக்குத்தான். இரண்டு நாள் மறந்துவிட்டால் விதை புளித்துவிடும்.

கடையில் வாங்கிய காயிலிருந்தே விதை எடுக்கலாமா?

பழமா காயா என்று பாருங்கள். சமையல் கத்தரிக்காய் பிஞ்சு, அதன் விதை முற்றியிருக்காது. செடியிலேயே விட்டு மஞ்சளாகப் பழுத்த பிறகுதான் எடுக்க வேண்டும். எடுத்த உடனேயும் போட வேண்டாம், புதுக் கத்தரி விதைக்குச் சில வார உறக்கம் உண்டு. தக்காளி விதையைச் சுற்றி வழுவழுப்பான ஜவ்வு இருக்கிறது. பழத்துக்குள்ளேயே முளைத்துவிடாமல் தடுப்பது அதுதான். சாறோடு விதையை ஒரு கிண்ணத்தில் ஒன்றிரண்டு நாள் புளிக்க விட்டு, கழுவி, நிழலில் உலர்த்தினால் ஜவ்வு போய்விடும். கடைத் தக்காளி பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். விதை முளைக்கும், ஆனால் காய் தாய்ச்செடி போலவே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

மளிகைக்கடைக் கொத்தமல்லியும் முளைக்கும். ஒவ்வொரு உருண்டையிலும் இரண்டு விதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சப்பாத்திக் கட்டையை மேலே மெதுவாக உருட்டி இரண்டாகப் பிளந்து போடுங்கள், நசுக்கிவிடாமல்.

வந்த நாற்றெல்லாம் திடீரென்று கழுத்து ஒடிந்து சாய்கின்றன.

நாற்றழுகல் நோய். நேற்று நிமிர்ந்து நின்றது இன்று காலையில் தண்டின் அடி மெலிந்து, வெந்தது போலாகிச் சாய்ந்திருக்கும். மண்ணில் வாழும் பூஞ்சை வகைகள்தான் காரணம். ஈரம் தேங்கி, காற்று ஓடாமல், நாற்று நெருக்கமாக இருந்தால் ஒரே இரவில் தட்டு முழுக்கப் பரவும். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. அந்தக் குழிகளைக் கலவையோடு எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, தண்ணீரை நிறுத்தி, தட்டைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். மீதியைக் காக்க ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் கலந்து வேரில் ஊற்றலாம்.

வராமல் தடுப்பதுதான் எளிது. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் என்பது விதை நேர்த்திக்கான பரிந்துரை. இரண்டும் நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல நுண்ணுயிர்கள், பொடியாகக் கிடைக்கும். வீட்டு அளவுக்கு, ஒரு பாக்கெட் விதையைத் துளி நீரில் ஈரமாக்கி, ஒரு சிட்டிகைப் பொடியில் புரட்டி நிழலில் உலர்த்திப் போட்டால் போதும். பழைய தட்டுகளைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வைக்காமல் மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

நாற்று நூல் மாதிரி நீண்டு ஜன்னல் பக்கம் சாய்கிறதே?

வெளிச்சம் போதவில்லை. முளைப்பாரி வெளிர் மஞ்சளாக உயர்ந்து நிற்பதும் இருட்டில் வளர்வதால்தான். சாமிக்கு அது அழகு, தக்காளிக்கு ஆகாது. முளைக்கும்வரைதான் வீட்டுக்குள். முதல் பத்து முளை தலை தூக்கிய அன்றே தட்டை வெளியே கொண்டுபோய்விடுங்கள். நாளை கொண்டுபோகலாம் என்றால் ஒரு நாளில் தண்டு விரலளவு நீண்டுவிடும். முதல் வாரம் காலை வெயில் மட்டும், பிறகு 50 சதவீத நிழல்வலைக்கு அடியில். ஏற்கெனவே நீண்டுவிட்ட தக்காளியை வித்திலை வரை புதைத்து நடலாம், தண்டிலிருந்தே வேர் விடும். கத்தரி, மிளகாயில் இந்த வசதியை நம்ப வேண்டாம்.

எறும்பு விதையைத் தூக்கிப் போகிறது.

தட்டை ஒரு முக்காலியில் வைத்து, முக்காலியின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துங்கள். தின்பண்டத்துக்கு வீட்டில் செய்கிற ஏற்பாடுதான். கொசு வராமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள்.

ரோஸ் நிறத்தில் இருக்கும் விதையைக் கழுவ வேண்டுமா?

வேண்டாம். அது பூஞ்சைக்கொல்லிப் பூச்சு. ஊற வைக்காமல் அப்படியே போட்டுவிட்டுக் கையைச் சோப்பால் கழுவுங்கள். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், மீந்ததைக் கோழிக்கோ குருவிக்கோ போடாதீர்கள்.

லெட்யூஸ் (சாலட் கீரை) போட்டேன், பத்து விதையில் ஒன்றுகூட வரவில்லை. விதை புதிதுதான்.

சூடு. லெட்யூஸ் விதை 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் உறக்கத்துக்குப் போய்விடும். செத்துவிடவில்லை, காத்திருக்கிறது. ஈரத்துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்து, மாலையில் எடுத்து விதையுங்கள். சமவெளியில் இருப்பவர்கள் கார்த்திகை வரை பொறுத்தால் இந்த வேலையே மிச்சம். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவர்களுக்கு மிளகாய்தான் சிரமம்.

கறிவேப்பிலைப் பழத்தைக் காய வைத்து எடுத்து வைத்தேன். ஆறு மாதம் கழித்துப் போட்டால் வரவில்லை.

வராது. அது காயவே கூடாத விதை. கறுத்த பழத்தைப் பறித்த அன்றே சதையை நீக்கிக் கழுவிப் போட்டுவிட வேண்டும். சௌசௌவையும் விதை எடுத்து உலர்த்த முடியாது. முழுக் காயையே, நுனியில் முளை விட்டதும், பாதி புதைய வைத்து நட வேண்டும்.

நாற்று நன்றாக வந்துவிட்டது. எப்போது பிடுங்கி நடுவது?

தக்காளியும் முட்டைக்கோஸும் 25 நாள், கத்தரி 30 முதல் 35, மிளகாய் 35 முதல் 40 நாள். நாளைவிட இலையை நம்புங்கள்: நான்கைந்து உண்மை இலை இருக்க வேண்டும், குழியிலிருந்து இழுத்தால் கலவை உதிராமல் வேரோடு சேர்ந்து ஒரு கட்டியாக வர வேண்டும். நடுவதற்கு ஒரு வாரம் முன்னதாகத் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, வெயில் நேரத்தைக் கூட்டிப் பழக்குங்கள். நடும் அன்று காலையில் தட்டை நனைத்து வைத்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு மாலையில் நடுங்கள். இரண்டு நாள் மதிய வெயிலுக்கு மட்டும் ஒரு பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி ஒவ்வொரு நாற்றின் தலையிலும் கவிழ்த்து வையுங்கள்.